மூன்று நாளா, நான்கரை ஆண்டா? பென் ஜான்சன் வீழ்ச்சியும் கனடிய மக்களின் எதிர்வினையும்

ஓட்டப்பந்தய வீரர் பென் ஜான்சனின் ஊக்கமருந்து விவகாரத்தில் கனடா நடந்துகொண்ட விதத்தைப் பேசுவோர் பலரும் ஸ்டீவன் ஜாக்சன் 1998இல் வெளியிட்ட ஆய்வை அடியொற்றியே பேசுகின்றனர். வென்றபோது ஜான்சனின் இனமும் பிறந்த மண்ணும் பின்னுக்குத் தள்ளப்பட்டு அவர் கனடியராகக் கொண்டாடப்பட்டார். பதக்கம் பறிபோனதும் கறுப்பினத்தவர், ஜமைக்காக்காரர் என்ற அடையாளங்கள் மீண்டும் அவர்மீது ஏற்றப்பட்டன என்பது ஜாக்சனின் வாதச் சாரம். ஊடகச் சித்திரிப்பு என்ற அளவில் இதை மறுப்பதற்கில்லை. இதையே மக்களின் எதிர்வினையாக விரிக்கும்போதுதான் சிக்கல் எழுகிறது. செய்தி எழுதியவர்களும் அதைப் படித்தவர்களும் ஒரே தரப்பாகிவிடுகின்றனர். நான்கரை ஆண்டுகள் நீண்ட மாற்றம் மூன்று நாள்களுக்குள் சுருங்கிவிடுகிறது.

அந்த மூன்று நாள்கள் அனைவரும் அறிந்தவை. 1988 செப்டம்பர் 24, சியோல் ஒலிம்பிக், 100 மீட்டர், 9.79 வினாடி. 27ஆம் தேதி ஸ்டனோசோலோல் என்ற ஊக்கமருந்தின் பயன்பாட்டுக்காகத் தங்கம் பறிக்கப்பட்டது. பிரதமர் மல்ரோனி தொலைபேசியில் வாழ்த்தியதைக் கேட்ட நாடு, அதே வாரத்தில் விளையாட்டுத் துறை அமைச்சர் ழான் ஷாரே தேசிய அணியில் ஜான்சனுக்கு வாழ்நாள் தடை அறிவித்ததையும் கேட்டது. 1989இல், இந்த விவகாரத்தை விசாரித்த டூபின் ஆணையத்தின் முன் ஜான்சனின் பயிற்சியாளர் சார்லி பிரான்சிஸ் பல ஆண்டு ஊக்கமருந்துப் பழக்கத்தை விவரித்தார். ஜூன் மாதம் ஜான்சனும் ஒப்புக்கொண்டார். சோதனை முறையின் ஓட்டைகளையும் நிர்வாகத்தின் மெத்தனத்தையும் 1990இல் வெளியான ஆணைய அறிக்கை கண்டித்தபோது, தனிமனிதக் குற்றமாகத் தொடங்கியது அமைப்பின் குற்றமாகவும் விரிந்தது.

ஜாக்சனின் வாசிப்புக்குள் எளிதில் அடங்காத சான்று இதன் பிறகே வருகிறது. சர்வதேசத் தடைக்காலம் முடிந்து 1991 ஜனவரியில் ஹாமில்டன் உள்ளரங்கப் போட்டியில் ஜான்சன் ஓடினார். 50 மீட்டரில் 5.77 வினாடியில் இரண்டாம் இடம். பார்க்க வந்தவர்கள் 17,000 பேருக்கும் மேல். கனடாவின் உள்ளரங்கத் தடகளம் அதுவரை காணாத கூட்டம் அது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று இவர்களை ஒதுக்கிவிட முடியுமா? அந்த ஆர்வமும் இருந்திருக்கும். இத்தனை பேர் வந்ததை மன்னிப்பு என்று சொல்லிவிட இந்த எண்ணிக்கை மட்டும் போதாது. ஆயினும் 1988லேயே மக்கள் அவரை அந்நியராக்கித் தீர்த்திருந்தால், குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவரின் மறுவருகை இப்படி அரங்கை நிறைத்திருக்காது. குறைந்தபட்சம், வழக்கு முடியவில்லை என்று அவர்கள் கருதினர். ஷாரே அறிவித்த அணித் தடையும் நீக்கப்பட்டிருந்ததால், மறு ஆண்டே பார்சிலோனா ஒலிம்பிக்கில் அவர் கனடாவின் சீருடையில் அரையிறுதி வரை ஓடினார்.

1993 தொடக்கத்தில் மான்ட்ரியல் போட்டியில் எடுத்த சோதனையில் டெஸ்டோஸ்டிரோன் மிகுதி தெரிந்து, சர்வதேசத் தடகளச் சம்மேளனம் அவரை வாழ்நாள் முழுவதும் விலக்கியது. அப்போதைய விளையாட்டு அமைச்சர் பியேர் காதியூ அவரைத் தேசிய அவமானம் என்றதோடு, ஜமைக்காவுக்குத் திரும்புவதை யோசிக்கலாம் என்றும் கூறினார். 1988இல் ஷாரே ஜான்சனை அணியிலிருந்துதான் விலக்கினார். காதியூவின் பேச்சோ நாட்டிலிருந்தே விலக்கப் பார்த்தது. 1976இல், பதினான்கு வயதில் கனடாவில் குடியேறியவரை நோக்கிச் சொல்லப்பட்ட சொல் இது. ஜாக்சன் சுட்டும் இனச்சாய்வு தன் கடுமையான வடிவத்தை எட்டியது இங்குதான் என்பது என் துணிபு.

காதியூவின் பேச்சையும் மக்களின் குரலாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. பத்திரிகைக்குப் பொருந்தும் அளவுகோல் அமைச்சருக்கும் பொருந்தும். பொதுமனம் திரும்பிய நாளைக் குறித்துக் காட்ட இயலாது. ஹாமில்டனுக்கும் மான்ட்ரியலுக்கும் இடைப்பட்ட இரண்டாண்டு என்ற எல்லையோடு நிற்பதே முறை. இரண்டாம் மீறல் தந்த சலிப்பு எவ்வளவு, இனவெறுப்பு எவ்வளவு என்று பிரிப்பதும் கடினம். உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று: விளையாட்டு விதிகள் ஊக்கமருந்துக்கு வைத்த தண்டனை பதக்கப் பறிப்பு, தடை போன்றவையே. பிறந்த நாட்டுக்குத் திரும்பச் சொல்வது எந்த விதியிலும் இல்லாத தண்டனை. குடியேறி வந்தவருக்கு மட்டுமே அதை விதிக்க முடியும்.