பாயேற்றும் கயிறும் கடற்பேரரசும்

கடலாதிக்கத்தின் வரலாற்றை எழுதுவோர் தளபதிகளையும் பீரங்கிகளையும் பற்றியே பெரிதும் பேசுவர். கயிற்றைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. நெல்சனின் 'விக்டரி' கப்பலுக்கு ஏறத்தாழ 26 மைல் நீளமான கயிறு வேண்டியிருந்தது என்பதை நோக்கின், இம்மௌனம் வியப்பளிக்கின்றது.

பாயைப் பாய்மரத்தின் உச்சிக்கு இழுத்து நிறுத்தும் கயிற்றிடம் முதன்மையாக எதிர்பார்க்கப்படும் பண்பு, அது நீளாதிருத்தல். கயிறு நீண்டால் பாய் தளரும்; தளர்ந்த பாய் காற்றைச் சரிவரப் பிடிக்காது. தென்னை நாட்டவராகிய நமக்கு இது அத்துணை உவப்பான செய்தியன்று. 14ஆம் நூற்றாண்டில் மாலைதீவுக்கு வந்த இபின் பதூதா, அங்கிருந்து ஏற்றுமதியான தும்புக் கயிற்றைப் போற்றியுள்ளார். அக்கயிற்றால் தைக்கப்பட்ட மரக்கலம் பாறையில் மோதினும் நெகிழ்ந்து கொடுக்கும். ஆனால், கலத்தின் உடலைக் காத்த அந்நெகிழ்ச்சியே பாயேற்றும் கயிற்றுக்குக் குறையாகிவிடுகின்றது.

ஐரோப்பியர் நாடியது கஞ்சாச் செடியினத்தின் சணல் நாரையே. அது உறுதியானது, அதிகம் நீளாதது. எனினும் ஈரத்தில் உக்கிவிடும் என்பதால் அதற்குத் தார் பூசினர். இங்கிலாந்தின் சதாம் கப்பற்றளத்தில் ஏறத்தாழ 346 மீற்றர் நீளமான கயிற்றாலை கட்டப்பட்டது. ஆலை இங்கிலாந்தினது, நாரோ பெரும்பாலும் ருஷ்யாவினது. உலகின் முதன்மையான கடற்படை, ருஷ்யப் பண்ணையடிமைகள் நீரில் ஊறவைத்து உரித்த நாரில் தொங்கிக்கொண்டிருந்தது! 1807இல் தில்சித் உடன்படிக்கையின் மூலம் நெப்போலியன் ருஷ்யாவைத் தன் பக்கம் இழுத்தபோது, பிரித்தானியாவின் அச்சங்களுள் சணற் பஞ்சமும் ஒன்றாயிற்று. இந்திய நார்கள் மீது அவர்கள் கொண்ட அக்கறையையும் இப்பின்னணியிலேயே நோக்கவேண்டும். கல்கத்தாத் தாவரவியற் பூங்காவில் வில்லியம் ரொக்ஸ்பரோ அவற்றின் வலிமையைச் சோதித்தமை வெறும் அறிவியல் ஆர்வமென்று கொள்வதற்கில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிலிப்பைன்ஸின் மணிலா நார் சணலின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியது. வாழையின் உறவான செடியிலிருந்து பெறப்படும் இந்நாருக்குத் தார் வேண்டியதில்லை. ஆயினும் நிலம் மாறியதேயன்றித் தங்கியிருத்தல் மாறவில்லை. 1942இல் யப்பானியர் பிலிப்பைன்ஸைக் கைப்பற்றியபின், அமெரிக்க அரசு தன் உழவரை மீண்டும் சணல் பயிரிடுமாறு வேண்டித் திரைப்படமே தயாரித்தது.

அப்போரின்போதே விடுதலைக்கான வழியும் பிறந்தது. 1941இல் வின்பீல்டும் டிக்சனும் பொலியெஸ்டர் இழையை உருவாக்கினர். அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே வந்த நைலோன் வலியதெனினும் பெரிதும் நீளக்கூடியது. ஆகவே அது நங்கூரத்துக்கே உகந்ததாயிற்று. இன்று சிறு பாய்ப்படகில் கடற்பயணம் செய்வோர், பழைய பாயேற்றும் கயிற்றை மாற்றும்போது பெரும்பாலும் பொலியெஸ்டரையே தெரிகின்றனர். வாங்குமுன் அவர்களும் கேட்பது, சுமையேறினால் அது எவ்வளவு நீளும் என்பதையே.