சிலுவை நின்ற இடம்

1219 ஜூன் 15. இன்றைய தாலின் நகரம் இருக்கும் இடத்தில் டென்மார்க் மன்னர் இரண்டாம் வால்டெமாரின் படை தோற்கும் தறுவாயில் இருந்தபோது, வெள்ளைச் சிலுவை கொண்ட சிவப்புத் துணி வானத்திலிருந்து விழுந்ததாம். டேனியர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை இது. கம்பத்தின் பக்கம் தள்ளி நிற்கும் அந்தச் சிலுவை பிறகு ஊர் ஊராகக் கிளம்பியது. ஸ்வீடன் அதை நீலத்தின் மேல் மஞ்சளாக வைத்துக்கொண்டது.

நார்வே சில நூற்றாண்டுகள் டென்மார்க்குக்கு அடங்கியிருந்து, 1814இல் ஸ்வீடன் மன்னரின் கீழ் வந்த நாடு. 1821இல் அதற்குக் கொடி வரைந்த நாடாளுமன்ற உறுப்பினர் ஃப்ரெட்ரிக் மெல்ட்சர், பழைய எசமானரின் கொடியைத் தூக்கியெறியவில்லை; அதன் வெள்ளைச் சிலுவைக்குள் ஒரு நீலச் சிலுவையை வைத்தார். 1844இல் நார்வே, ஸ்வீடன் இரு நாட்டு நிறங்களையும் கலந்து கொடியின் மூலையில் ஒரு முத்திரை சேர்த்தார்கள். ஜனங்கள் அதை ‘ஹெர்ரிங் மீன் சாலட்’ என்று கேலி செய்தார்கள். 1905இல் இரு நாட்டாரும் போரில்லாமலே பிரிந்தார்கள்.

டென்மார்க்கின் ஆட்சியில் இருந்த ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் துறைமுகத்தில் 1913 ஜூன் 12 அன்று ஓர் இளைஞர் நீல வெள்ளைக் கொடி கட்டிய சிறு படகில் துடுப்பு வலித்துப் போனார். டென்மார்க்கின் காவல் கப்பல் கொடியைப் பறித்தது. அன்றே ஊர் கொதித்தெழுந்தது. 1915இல் ஐஸ்லாந்துக்குச் சொந்தக் கொடி கிடைத்தது. அதிலும் சிலுவைதான். பின்லாந்து 1918இல் அதே வழியில் வந்தது.

பிரிய நினைத்தவர்கள் எல்லோரும் உறவின் அடையாளத்தைக் கையிலேயே வைத்திருந்தார்கள். அவரவர் கொடி அவரவருக்கு உறுதியான பிறகுதான் கதவுகளும் தயக்கமின்றித் திறந்தன என்று நம்புகிறேன். 1952இல் இந்த வட நாடுகளின் மன்றமான நார்டிக் கவுன்சில் பிறந்தது. 1954இல் பொது வேலைச் சந்தை, 1955இல் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம். பிழைப்பு தேடி ஸ்வீடன் போன பின்லாந்துத் தொழிலாளிக்கு அந்த ஊர்க்காரருக்கு உள்ள பாதுகாப்பே கிடைக்க வழி பிறந்தது.

டென்மார்க்கின் கீழ் உள்ள கிரீன்லாந்தில் சிலுவை நின்றுவிட்டது. 1985இல் அங்கே பச்சை வெள்ளைச் சிலுவைக் கொடி ஒன்றும் போட்டியில் இருந்தது. அந்த ஊர்ச் சபை 14க்கு 11 என்ற வாக்கில் அதை ஒதுக்கி, டூவே கிறிஸ்டியான்சன் வரைந்த சிவப்பு வெள்ளை வட்டத்தை ஏற்றது. 1951இல் 22 இனுயிட் பிள்ளைகளை டேனியர்களாக்கவென்று குடும்பத்திலிருந்து பிரித்துக் கொண்டுபோனதும், குடிமக்களுக்குப் பாதுகாப்புத் தந்த இதே டென்மார்க் நல அரசுதான். டென்மார்க் பிரதமர் மன்னிப்புக் கேட்க 2020 ஆயிற்று. அந்தச் சபையில் இருந்திருந்தால் நானும் வட்டத்துக்குத்தான் கை தூக்கியிருப்பேன்.