சேற்றில் ஒரு மழைக்கணக்கு

ஸாயில் மெக்கானிக்ஸ் லேபில் குழாயிலிருந்து களிமண் ஸாம்பிளைப் பிதுக்கி எடுத்தபோது, "வெறும் சேறுதானே சார், இதுல என்ன இருக்கு?" என்று கேட்டுத் திட்டு வாங்கிய பேட்ச் எங்களுடையது. இன்று வேலையிலும் அதே கதைதான். போர்ஹோல் போட்டு மண் எடுக்கிறோம், எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்க்கிறோம், மிச்சத்தைக் கொட்டிவிடுகிறோம். ஆனால் அப்படிக் குழாயில் எடுத்த சேற்றிலிருந்து 1,100 வருடத்துக்கு முந்தைய ஒரு பஞ்சத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். மலர்க்குழுவினர் கட்டுரை கேட்டதும் அதுதான் ஞாபகம் வந்தது.

மெக்சிகோவின் யுகட்டான் தீபகற்பத்தில் சிச்சங்கனாப் என்று ஓர் ஏரி. மாயா மொழியில் 'சின்னக் கடல்' என்று அர்த்தமாம். அதிலிருந்து ஆறு எதுவும் புறப்படுவதில்லை. தண்ணீர் பெரும்பாலும் ஆவியாகத்தான் போகவேண்டும். மழை பொய்த்தால் ஏரி சுண்டும், கரைந்திருந்த கால்சியம் சல்பேட் ஜிப்சமாகப் படியும். ரசம் சுண்டினால் உப்புக் கரிக்குமே, அந்த மாதிரி. சிமெண்ட் சட்டென்று இறுகாமலிருக்கச் சேர்க்கிறோமே, அதே ஜிப்சம்தான் இது!

இன்னொரு சாட்சி, சேற்றில் புதைந்த நத்தை ஓடு. நீர் ஆவியாகும்போது இலேசான ஆக்சிஜன்-16 எளிதாகக் கிளம்பிவிடும், கனமான ஆக்சிஜன்-18 தங்கிவிடும். அந்த விகிதம் அப்படியே ஓட்டில் பதிந்திருக்கும். காலத்தைச் சொல்வது கார்பன்-14. ஆனால் அது சுண்ணாம்புப் பாறை பூமி. பாறையின் பழைய கார்பன் நீரில் கலப்பதால் ஓடுகள் உண்மையைவிட வயதானவையாகத் தெரியும். ஆகவே கரையில் வளர்ந்த செடியின் துணுக்குகளைத் தேடவேண்டும்.

1995-ல் புளோரிடா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஹோடெல், ஜேசன் கர்ட்டிஸ், மார்க் பிரென்னர் மூவரும் 'நேச்சர்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். பல ஆயிரம் ஆண்டுகளில் மிக வறண்ட காலம், ஏறக்குறைய கி.பி. 800 முதல் 1000 வரை. தெற்கே மாயா நகரங்கள் ஒவ்வொன்றாக அடங்கிய காலமும் அதுவே! குவாத்தமாலாவிலுள்ள டிகாலில் தேதி பொறித்த கடைசிக் கல் 869-ஆம் ஆண்டுடையது.

சரி, மழை எவ்வளவு குறைந்தது? அதற்கு விடை வர 2018 ஆயிற்று. ஜிப்சம் படிகத்துக்குள் நீர் மூலக்கூறுகள் சிறைப்பட்டிருக்கின்றன அல்லவா? அது அன்றைய ஏரித் தண்ணீர். கேம்பிரிட்ஜில் நிக்கோலஸ் எவன்ஸ், ஹோடெல் முதலியோர் அதை அளந்தார்கள். ஆண்டு மழை இன்றைய அளவைவிட 41 முதல் 54 சதவீதம் குறைவு. உச்சக்கட்டத்தில் 70 சதவீதம் வரை குறைவு.

டிகால்காரர்கள் ஒன்றும் விவரமில்லாதவர்கள் அல்ல. ஊரில் ஆறு கிடையாது. சுண்ணாம்புப் பூச்சிட்ட முற்றங்களுக்குச் சரிவு கொடுத்து, மழைநீரைப் பெரிய தேக்கங்களுக்குத் திருப்பினார்கள். நம் ஹைட்ராலஜி வாத்தியார் பார்த்தால் முழு மார்க் போடுவார். மழைக்காலத்தில் நிரப்பிக்கொண்டு வறண்ட மாதங்களைத் தாண்டுவது ஏற்பாடு. நிரப்புகிற மழையே பாதியானால் என்ன செய்வது?

பஞ்சம் வந்தது, ஊர் காலி என்று ஒரே வரியில் முடிக்க எனக்கு மனமில்லை. அரசர்களுக்குள் ஓயாத சண்டையும் இருந்தது. இன்னும் வறண்ட வடக்கில் சிச்சென் இட்சா அந்தக் காலத்தில்தான் தலையெடுத்தது. ஆனாலும் என்னைத் தூங்கவிடாதது அந்தத் தேக்கங்கள்தான். நானும் ஒரு நீர்த்தேக்கத்துக்கு 40 வருட மழைப் பதிவை வைத்துக் கணக்குப் போட்டேன். அந்த 40 வருடத்தில் வராத வறட்சி இனியும் வராது என்று கையெழுத்தும் போட்டுவிட்டேன். அன்று யாரும் கேள்வி கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போது பழைய ஏரிப்படுகையில் போர்ஹோல் போட்டால், ஸாம்பிளில் ஒரு பெட்டியை எடுத்து வைத்துக்கொள்கிறேன். மேஜைக்கடியில் மூன்று சேர்ந்துவிட்டன. கூட்டுகிற அம்மா வாரம் தவறாமல் கேட்கிறார்கள், "சார், இந்தச் சேத்தைக் கொட்டிடட்டுமா?"