சொன்ன வேலை, சொல்லாத வேலை: ராய்சௌத்ரியின் சமன்பாடு

2020-ல் ரோஜர் பென்ரோஸுக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தபோது கொல்கத்தாவில் பலரும் இன்னொரு பெயரையும் சேர்த்துச் சொன்னார்கள்: அமல் குமார் ராய்சௌத்ரி. அவர் 2005-லேயே காலமாகிவிட்டார். ஆனால் பென்ரோஸ் 1965-ல் எழுதிய நிரூபணத்துக்குள் அவருடைய சமன்பாடு இருக்கிறது.

1923-ல் பாரிசாலில் (இன்றைய வங்கதேசம்) பிறந்தவர். அப்பா பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார். எம்.எஸ்சி. முடித்துவிட்டு, கொல்கத்தாவின் இண்டியன் அசோசியேஷன் ஃபார் த கல்டிவேஷன் ஆஃப் சயன்ஸில் ஆய்வாளராகச் சேர்ந்தார். ஆமாம், சி.வி. ராமன் தன் பெயரிலான விளைவைக் கண்டுபிடித்த அதே இடம்தான். அங்கே நாலு வருஷம் சோதனைக்கூட வேலை. உருப்படியாக ஒன்றும் வரவில்லை. பிறகு அசுதோஷ் கல்லூரியில் விரிவுரையாளர். 1952-ல் மறுபடியும் அதே நிறுவனத்துக்கு வந்தார். இந்த முறை அவரிடம் சொல்லப்பட்ட வேலை, உலோகங்களின் பண்புகளை ஆராய்வது. மனசு இருந்தது பொதுச் சார்பியலில். சொன்ன வேலையைச் செய்துகொண்டே, சொல்லாத வேலையையும் செய்தார்.

அவர் எடுத்துக்கொண்ட கேள்வி ரொம்பப் பெரியது. விரியும் பிரபஞ்சத்தைக் கணக்கில் பின்னோக்கி ஓட்டினால், ஒரு கட்டத்தில் அடர்த்தி முடிவிலி ஆகிவிடுகிறது. இதைத்தான் சிங்குலாரிட்டி என்கிறோம். ஃப்ரீட்மன் 1922-ல் தந்த தீர்வு இப்படித்தான். ஆனால் அந்தத் தீர்வில் பிரபஞ்சம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி, துல்லியமான சீர்மையோடு இருக்கும். அதனால் ஒரு சந்தேகம். பத்துப் பிள்ளைகள் வட்டமாக நின்று, நடுப்புள்ளியை நோக்கிக் கொஞ்சமும் பிசகாமல் ஓடினால் எல்லோரும் முட்டிக்கொள்வார்கள். ஆளுக்குக் கொஞ்சம் கோணலாக ஓடினால்? ஒருவரையொருவர் உரசிக்கொண்டு தாண்டிப் போய்விடலாம், இல்லையா? அப்படியென்றால் சிங்குலாரிட்டி என்பது இயற்கையில் இல்லை. நாம் வசதிக்காகப் போட்ட சீர்மையின் விளைவு மட்டும்தான்.

ராய்சௌத்ரி சீர்மையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கணக்குப் போட்டார். ஈர்ப்பு ஒன்றுக்கு மட்டும் கட்டுப்பட்டுப் போகும் தூசித்துகள்களின் சின்ன உருண்டை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அது விரியும் வேகம் எப்படி மாறுகிறது? பொருளின் ஈர்ப்பு, விரிதலைக் குறைக்கிறது, இது எதிர்பார்த்ததுதான். உருண்டை ஒரு பக்கம் நீண்டு, மறுபக்கம் ஒடுங்கினால் அந்த நெளிவும் விரிதலைக் குறைக்கவே செய்கிறது. காப்பாற்றும் என்று நம்பிய கோணல், உண்மையில் நெருக்கடியைக் கூட்டுகிறது! எதிர்த்து நிற்பது ஒன்றே ஒன்று, சுழற்சி. சுழற்சி இல்லாத தூசிப் பிரபஞ்சம் என்றால், எவ்வளவு கோணலாக இருந்தாலும் முடிவுள்ள காலத்துக்கு முன்னால் ஒரு சிங்குலாரிட்டி இருந்தே தீரும். அவ்வளவுதான் சமன்பாடு சொல்வது.

கட்டுரை 1955 மே மாதம் ஃபிசிக்கல் ரிவ்யூ இதழில் வந்தது. ஐன்ஸ்டைன் இறந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. 1959-ல் அவருடைய டாக்டர் பட்ட ஆய்வேட்டைப் பரிசோதித்தவர்களில் ஒருவர் ஜான் வீலர். 1961 முதல் பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியர். பல தலைமுறை மாணவர்களுக்கு இயற்பியல் சொல்லிக் கொடுத்தார்.

ஆனால் சந்தேகம் லேசில் சாகவில்லை. 1963-ல்கூட லிஃப்ஷிட்ஸும் கலாட்னிகோவும், பொதுவான தீர்வில் சிங்குலாரிட்டி வராது என்றுதான் வாதிட்டார்கள். பிறகு அதைத் திருத்திக்கொண்டார்கள். இடையில் நடந்தது பென்ரோஸின் 1965 நிரூபணம். ராய்சௌத்ரி துகள்களுக்குச் செய்த கணக்கை ஒளிக்கதிர்களுக்குப் பொருத்தி, அதோடு டோபாலஜியைச் சேர்த்தார் பென்ரோஸ். சுழற்சி என்ற தப்பிக்கும் வழியும் அந்த முறையில் அடைபட்டது. ஹாக்கிங் அதே பாதையைப் பிரபஞ்சத்தின் தொடக்கத்துக்குக் கொண்டுபோனார்.

இன்னொரு விஷயம். இந்தச் சமன்பாட்டின் பெரும்பகுதி வெறும் வடிவியல். ஐன்ஸ்டைனின் கோட்பாடு உள்ளே நுழைவது, பொருளின் ஈர்ப்பைச் சொல்லும் ஓர் உறுப்பில்தான். அதனால் நாளைக்கு ஐன்ஸ்டைனைத் திருத்தி வேறொரு ஈர்ப்புக் கோட்பாடு வந்தாலும், அந்த ஓர் உறுப்பை மாற்றி எழுதினால் போதும். சிங்குலாரிட்டியைத் தவிர்க்க முயலும் குவாண்டம் ஈர்ப்பு ஆய்வாளர்கள் இன்றும் அதைத்தான் செய்து பார்க்கிறார்கள். உலோகம் பற்றி ஆராயச் சொல்லி வேலைக்கு வைக்கப்பட்ட ஒருவர், மிச்ச நேரத்தில் போட்ட கணக்கு அது.