பிரித்தானியப் பழம்படைக்கலச் சேகரிப்பும் வரலாற்றுச் சான்றும்: வாள், கைத்துப்பாக்கிகளை முன்வைத்து

முன்னுரை

கல்வெட்டு, செப்பேடு, நாணயம், ஓலைச்சுவடி ஆகியவற்றை வரலாற்றுச் சான்றுகளாகக் கொள்வதில் எவருக்கும் ஐயமில்லை. படைக்கலங்களோ பெரும்பாலும் அருங்காட்சியகச் சுவரை அழகுசெய்யும் பொருள்களாகவே பார்க்கப்படுகின்றன. 18, 19ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த பிரித்தானிய வாள்களும் கைத்துப்பாக்கிகளும் உலகெங்கும் தனியாராலும் நிறுவனங்களாலும் சேகரிக்கப்பட்டு வருகின்றன. அவற்றுள் கணிசமானவை இந்திய மண்ணில் பயன்பட்டவை. சேகரிப்பாளர் உலகம் ஒரு பொருளின் மதிப்பை அது 'மாற்றமற்ற நிலையில்' உள்ளதா என்பதைக் கொண்டு அளக்கிறது. இந்தியத் தொடர்புடைய படைக்கலங்களிலோ, அவை அடைந்த மாற்றங்களே வரலாற்றைச் சொல்கின்றன. இவ்விரு நோக்குகளுக்கும் இடையிலான முரண்பாட்டையும் அதனால் சான்றுகளுக்கு நேரும் இழப்பையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

சேகரிப்பு மரபின் தொடக்கம்

படைக்கலங்களை முறைப்படி ஆராய்ந்து காலவரிசைப்படுத்தும் போக்கு பிரித்தானியாவில் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வலுப்பெற்றது. இதில் முன்னின்றவர் சாமுவேல் ரஷ் மெய்ரிக். பழங்காலக் கவசங்களைப் பற்றிய இவரது ஆராய்ச்சி நூல் 1824இல் வெளிவந்தது. அதுவரை இலண்டன் கோபுரத்தில் இருந்த கவசங்கள் பல, செவிவழிக் கதைகளின் அடிப்படையில் இன்ன மன்னருடையவை என்று காட்டப்பட்டு வந்தன. 1820களில் அவற்றை மறுஒழுங்கு செய்யும் பொறுப்பு மெய்ரிக்கிடம் தரப்பட்டது. பொருளின் அமைப்பைக் கொண்டே அதன் காலத்தைத் துணிதல் வேண்டும் என்னும் நெறி இதன்வழி நிலைபெற்றது. மெய்ரிக்கின் சொந்தத் தொகுப்பில் ஒரு பகுதி அவருடைய மறைவுக்குப்பின் ரிச்சர்டு வாலஸ் என்பவரைச் சென்றடைந்தது. அது இன்று இலண்டனிலுள்ள வாலஸ் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது.

இந்தியப் படைக்கலங்களைப் பொறுத்தவரை, இலண்டனிலிருந்த இந்திய அருங்காட்சியகத்தின் பொருள்களை விவரித்து வில்பிரகாம் எகர்டன் 1880இல் வெளியிட்ட கையேடு குறிப்பிடத்தக்கது. இந்தியாவில் பொதுமக்கள் படைக்கலம் வைத்திருப்பதற்கு உரிமம் வேண்டும் என்று கட்டுப்படுத்திய 1878ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு இரண்டு ஆண்டுகளுக்குப்பின் அந்நூல் வந்தது. ஐரோப்பியர்க்கு அக்கட்டுப்பாட்டிலிருந்து விலக்கும் தரப்பட்டிருந்தது. இந்தியரின் கையில் குற்றப்பொருளாகக் கருதப்பட்ட ஒன்று, ஆங்கிலேயரின் கூடத்தில் கலைப்பொருளாக மதிக்கப்பட்ட காலம் அது. சேகரிப்பின் வரலாற்றை ஆட்சியின் வரலாற்றிலிருந்து பிரித்துக் காண இயலாது என்பதற்கு இதுவே போதிய சான்றாகும்.

உலோகத்தில் பொறித்த எழுத்து

பிரித்தானியப் படைக்கலங்களைச் சேகரிப்போர் முதலில் கற்பது முத்திரைகளைப் படிக்கும் கலையாகும். இலண்டன் துப்பாக்கிக் கைவினைஞர் சங்கம் 1637இல் அரச உரிமைப் பட்டயம் பெற்றது. துப்பாக்கிக் குழலில் மிகுதியாக மருந்திட்டு வெடித்துப் பார்த்து, தாங்கிய குழல்களுக்கு மட்டும் அச்சங்கம் சோதனை முத்திரை இட்டது. பர்மிங்காம் நகருக்கெனத் தனிச் சோதனைச்சாலை 1813ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்தது. ஆகவே ஒரு கைத்துப்பாக்கியின் குழலில் பர்மிங்காம் சோதனைச்சாலையின் முத்திரை இருக்குமாயின் அக்குழல் 1813க்கு முற்பட்டதாக இருக்க முடியாது. அகன்ற அம்புக்குறி அரசின் உடைமையைக் காட்டும். இரண்டு அம்புகள் முனையோடு முனை பொருந்தி நின்றால் அப்பொருள் படைப்பயன்பாட்டிலிருந்து நீக்கி விற்கப்பட்டது என்பது பொருள்.

வாள்களிலும் இத்தகைய சான்றுகள் உண்டு. 1822ஆம் ஆண்டு விதிப்படி அமைந்த காலாட்படை அதிகாரியின் வாளில், கைக்காப்பின் நடுவே ஆளும் மன்னரின் பெயரெழுத்துகள் வார்க்கப்பட்டிருக்கும். அவ்வெழுத்துகள் விக்டோரியாவைக் குறித்தால் வாளின் காலம் 1837க்கும் 1901க்கும் இடைப்பட்டது எனத் துணியலாம். வில்கின்சன் நிறுவனம் 1850களிலிருந்து தன் உயர்தர வாள்களின் முதுகுப் பகுதியில், பிடியை ஒட்டி, வரிசை எண் பொறித்து வந்தது. அந்த எண்ணை நிறுவனத்தின் சோதனைப் பதிவேட்டோடு ஒப்பிட்டால் வாள் செய்யப்பட்ட காலம் தெரியவரும். பல இடங்களில் வாங்கியவரின் பெயரும் கிடைக்கும். பெயர் கிடைத்தால் படைப்பிரிவும் பணியாற்றிய ஊரும் போரும் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்படும்.

வாளலகின் மீதான சித்திர வேலைப்பாடு அமிலத்தால் அரித்து உண்டாக்கப்படுவது, மிக மெல்லியது. வாள் பளபளப்பாக இருந்தால் நல்ல விலை போகும் என எண்ணித் தேய்ப்பவர், துருவோடு அந்த எழுத்துகளையும் அழித்துவிடுகிறார். கல்வெட்டின் மீது சுண்ணாம்பு பூசுவதற்கு நிகரான செயல் இது.

கும்பினியின் முத்திரை

கிழக்கிந்தியக் கும்பினி தன் படைகளுக்கான துப்பாக்கிகளைப் பெரும்பாலும் இங்கிலாந்திலேயே செய்வித்து வரவழைத்தது. அவற்றின் விசைப்பொறித் தகட்டில் கும்பினியின் வணிகமுத்திரை காணப்படும். இதய வடிவம் ஒன்று நான்கு கூறாகப் பகுக்கப்பட்டு, கூறுக்கு ஒன்றாக வி, இ, ஐ, சி என்னும் ஆங்கில எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். இவை 'ஐக்கியக் கிழக்கிந்தியக் கும்பினி' என்பதன் ஆங்கில முதலெழுத்துகள். பழைய இலத்தீன் வழக்கின்படி 'யு'வுக்கு 'வி' நின்றது. துணிப்பொதிகளிலும் நாணயங்களிலும் இட்ட முத்திரையும் இதுவே. வணிகப் பொதிக்கும் கொல்லும் கருவிக்கும் ஒரே அடையாளம் இருந்தமை கும்பினி ஆட்சியின் இயல்பை எந்த ஆவணத்தையும்விடச் சுருக்கமாக உணர்த்துகிறது எனலாம். 1808ஆம் ஆண்டளவில் இதய முத்திரை நீங்கி, பின்னங்கால்களில் நின்று மகுடத்தை ஏந்தும் சிங்க முத்திரை இடம்பெறலாயிற்று.

பிரான்சுடன் 1793இல் போர் மூண்டபோது பிரித்தானிய அரசிடம் போதிய துப்பாக்கிகள் இல்லை. இந்தியாவுக்கு அனுப்பவெனச் செய்யப்பட்டிருந்த கும்பினியின் துப்பாக்கிகளை அரசு வாங்கிக்கொண்டது. 39 அங்குலக் குழலுடைய எளிய அவ்வமைப்பே பின்னர் 'இந்திய மாதிரி' என்ற பெயரில் பிரித்தானியப் படையின் பொதுத் துப்பாக்கியாயிற்று. இந்தியாவுக்கெனச் செய்யப்பட்ட பொருள் ஐரோப்பியப் போர்க்களத்திற்குத் திரும்பியதை இது காட்டுகிறது.

நிஜாம் குதிரைவீரரின் வாள்

மாற்றமே சான்றாவதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு 1796ஆம் ஆண்டு மாதிரி இலகு குதிரைப்படை வாளாகும். ஜான் காஸ்பார்டு லெ மார்ச்சண்ட் என்னும் அதிகாரி, பர்மிங்காம் வாள் தொழிலாளர் ஹென்றி ஆஸ்பர்னின் துணையோடு இதனை வகுத்தார். அகன்று வளைந்த, ஏறத்தாழ 33 அங்குல நீளமுள்ள இவ்வாள் வெட்டுவதற்கென்றே அமைந்தது. புதிய மாதிரிகள் வந்தபின் பழைய வாள்கள் கழிக்கப்பட்டன. அவற்றுட் பல இந்தியாவில் விற்கப்பட்டன.

இந்தியாவில் பணியாற்றிய குதிரைப்படை அதிகாரி லூயி நோலன், குதிரைப்படை பற்றித் தாம் எழுதி 1853இல் வெளியிட்ட நூலில் ஒரு செய்தியைப் பதிவு செய்துள்ளார். நிஜாமின் குதிரைவீரர்கள் போரில் ஏற்படுத்திய வெட்டுக்காயங்களின் ஆழம் அவரை வியப்பில் ஆழ்த்தியது. எத்தகைய வாள்கள் அவை என்று ஆராய்ந்தபோது, ஆங்கிலக் குதிரைப்படை கழித்துவிட்ட பழைய வாளலகுகளே அவை எனத் தெரியவந்தது. வீரர்கள் அவற்றுக்கு நாட்டு வழக்கப்படி பிடி பொருத்தி, கூர் தீட்டி, மர உறையில் இட்டு வைத்திருந்தனர். தேவையின்றி உறையிலிருந்து உருவுவதில்லை. ஆங்கிலப் படையிலோ உறை இரும்பாலானது. உருவும்போதும் இடும்போதும் அதில் உராய்ந்து வாளின் கூர் மழுங்கியது. குறை வாளில் இல்லை, உறையில் இருந்தது. இதனைப் பதிவு செய்த நோலன் மறு ஆண்டே, 1854இல், கிரிமியாவின் பாலக்லாவா போரில் இறந்தார்.

பிரித்தானிய அலகும் இந்தியப் பிடியும் கொண்ட இத்தகைய வாள்கள் இன்றும் ஏலங்களுக்கு வருகின்றன. ஆங்கிலப் படைவாள் சேகரிப்போர்க்கு இது பிடி இழந்த, குறையுள்ள வாள். தல்வார் சேகரிப்போர்க்கு இது அயல் அலகு பொருத்திய கலப்பு வாள். இரு தரப்பாராலும் மதிப்புக் குறைத்து எண்ணப்படும் இப்பொருளே வரலாற்று மாணவர்க்கு முழுமையான சான்றாகும். ஒரு படை கழித்ததை மற்றொரு படை எவ்வாறு மேம்படுத்தியது என்பதை இதுவே காட்டுகிறது. இந்தியப் பிடியை நீக்கி 'மூலப்படி' இரும்புப் பிடியைப் பொருத்துவோர் வாளைச் செப்பனிட்டதாகவே கருதுவர். உண்மையில் அவர்கள் நீக்குவது வாளின் இரண்டாம் வாழ்க்கையை ஆகும்.

கைத்துப்பாக்கியில் நேரும் பின்னோக்கிய மாற்றம்

இதே சிக்கல் கைத்துப்பாக்கிகளிலும் காணப்படுகிறது. 18ஆம் நூற்றாண்டுக் கைத்துப்பாக்கிகள் சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் மருந்தைப் பற்றவைத்தவை. மழையில் அவை பயன்படாமற் போவது இயல்பு. அடித்தால் வெடிக்கும் மருந்தைப் பயன்படுத்தும் முறைக்கு அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்னும் ஸ்காத்லாந்துப் பாதிரியார் 1807இல் காப்புரிமை பெற்றார். அதன் வளர்ச்சியாக 1820களில் செப்புக் கேப்பு பரவியது. 1840களில் அது பிரித்தானியப் படையில் பொதுவழக்காயிற்று. நல்ல நிலையிலிருந்த பழைய துப்பாக்கிகளை உரியவர்கள் எறிந்துவிடவில்லை. கல் பற்றிய குதிரையை நீக்கிச் சுத்தியல் வடிவக் குதிரையைப் பொருத்தினர். மருந்துத் தட்டை அகற்றிக் கேப்பு வைக்கும் முனையை அமைத்தனர்.

கற்பொறித் துப்பாக்கிக்கே சேகரிப்புச் சந்தையில் விலை அதிகம். எனவே கேப்பு முறைக்கு மாற்றப்பட்டவற்றை மீண்டும் கற்பொறிக்கு மாற்றி விற்கும் வழக்கம் தோன்றியது. அடைக்கப்பட்ட திருகாணித் துளைகள் மீண்டும் திறக்கப்படுகின்றன. புதிய தட்டும் குதிரையும் பழமைபோல் நிறமேற்றிச் சேர்க்கப்படுகின்றன. 1780இல் செய்து 1840இல் மாற்றிய ஒரு துப்பாக்கி, இரு தலைமுறையினர் அதனைப் பயன்படுத்தினர் என்பதற்குச் சான்றாகும். பின்னோக்கி மாற்றியபின் அது 1780ஐயும் சொல்வதில்லை, 1840ஐயும் சொல்வதில்லை. விற்றவரின் விருப்பத்தை மட்டுமே சொல்கிறது.

எல்லை கடந்த பொறித்தகடுகள்

கும்பினித் துப்பாக்கிகளின் விசைப்பொறிகள் ஆப்கானிய நாட்டுத் துப்பாக்கியாகிய ஜெசைலில் பொருத்தப்பட்டுள்ளமை பரவலாக அறியப்பட்டதாகும். இதய முத்திரையும் சிங்க முத்திரையும் இட்ட உண்மைப் பொறிகளோடு, அவற்றைப் பார்த்து அப்பகுதிக் கொல்லர்கள் செய்த படிகளும் உண்டு. படிகளில் எழுத்துகள் தலைகீழாகவோ இடம்மாறியோ காணப்படுவதுண்டு. சேகரிப்பாளர் இவற்றைப் போலி என ஒதுக்குவர். எழுத்தறியாக் கொல்லர் ஒருவர் முத்திரையைத் தரத்தின் அடையாளமாக எண்ணி வெட்டினார் என்பதை உணர்ந்தால் அப்படியும் ஒரு சான்றே. அண்மைக்காலத்தில் சுற்றுலாப் பயணிகளை ஏய்க்கச் செய்தவற்றிலிருந்து இதனைப் பிரித்தறிவதே ஆய்வாளரின் கடமையாகும்.

நேபாளத்திலும் இதற்கு இணையான நிலை உண்டு. காத்மாண்டுவின் பழைய ஆயுதக் கிடங்கிலிருந்த பெருந்தொகையான படைக்கலங்களை 2003இல் அமெரிக்க வணிகர்கள் வாங்கினர். அவற்றுள் கும்பினித் துப்பாக்கிகளும், பிரித்தானிய மாதிரியைப் பின்பற்றி நேபாளத்திலேயே செய்தவையும், தேவநாகரி எழுத்தில் குறியிடப்பட்டவையும் இருந்தன. கிடங்கில் ஒருசேர இருந்தவரை அவை ஒரு நாட்டுப் படையின் முழு வரலாறாக நின்றன. தனித்தனியே விற்கப்பட்டபின் அந்த வரலாற்றை மீட்பதற்குத் தேவநாகரிக் குறிகள் முதன்மையான துணையாகின்றன.

சட்டமும் சான்றும்

பிரித்தானியாவில் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டம், அரும்பொருளாகவோ அணிபொருளாகவோ வைத்திருக்கும் பழந்துப்பாக்கிகளுக்கு விலக்களிக்கிறது. எவை பழந்துப்பாக்கிகள் என்பதை 2021ஆம் ஆண்டு விதிகள் வரையறுத்தன. இந்தியாவில் 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின் 45ஆம் பிரிவும் விலக்குத் தருகிறது. ஆனால் அத்துப்பாக்கி, பழுதுநீக்கினாலும் நீக்காவிட்டாலும் சுடுவதற்குப் பயன்படாததாக இருத்தல் வேண்டும். பழமை மட்டும் போதாது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. மரபுரிமையாக வந்தவற்றுக்கும் இவ்வரம்பு பொருந்தும். மறுபுறம், 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் நூறாண்டு கடந்த பொருள்களைத் தனியார் ஏற்றுமதி செய்வதைத் தடுக்கிறது.

பொதுப்பாதுகாப்பு நோக்கில் இக்கட்டுப்பாடுகள் தேவையானவையே. எனினும் ஒரு பழைய குடும்பத்தில் பேணப்பட்ட சுடத்தக்க கைத்துப்பாக்கியை வைத்துக்கொள்ள விரும்புவோர் அதன் குழலைத் துளையிடவோ பொறியைச் சிதைக்கவோ முற்படக்கூடும்; வேண்டாதோர் ஒப்படைத்துவிடக்கூடும். எவ்வழியாயினும் முத்திரைகளைப் படமெடுத்து, அளவுகளையும் குடும்ப வழக்காற்றையும் எழுதிவைத்தபின் அது நிகழ்ந்தால் சான்றின் பெரும்பகுதி எஞ்சும். அவ்வாறு பதிவுசெய்யும் ஏற்பாட்டை அருங்காட்சியகங்களும் பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகளும் மேற்கொள்வது பயன் தரும்.

முடிவுரை

பிரித்தானியப் பழம்படைக்கலச் சேகரிப்பு பல சான்றுகளைக் காத்துள்ளது. முத்திரைகளைப் படிக்கும் அறிவும் பதிவேடுகளைத் தேடும் ஆர்வமும் சேகரிப்பாளர்களால் வளர்ந்தவை. அதே வேளையில், பளபளப்பையும் மூலநிலையையும் போற்றும் அவர்களின் சுவை சான்றுகளை அழித்தும் வந்துள்ளது. வாளலகைத் தேய்த்தல், பிடியை மாற்றுதல், கைத்துப்பாக்கியைக் கற்பொறிக்கு மீட்டல் ஆகிய மூன்றும் பொருளின் பிறப்பை மட்டும் மதித்து அதன் வாழ்வை மறுப்பன. பர்மிங்காமில் பிறந்து ஐதராபாத்தில் கூர்பெற்ற வாள் இரு நாடுகளின் வரலாற்றுக்கும் உரியது. அதனை ஒரு நாட்டுக்குரியதாக்கத் திருத்தாமல், கிடைத்த நிலையிலேயே பேணிப் பதிவு செய்வதே ஆய்வுக்கு உகந்ததாகும்.