புறம்போக்கில் பிறந்த ஆட்டம்

கோல்ஃப் ஆட்டத்தைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னதும் வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். "திருத்தங்கல்காரருக்கும் அந்த ஆட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டாள் என் மனைவி. நியாயமான கேள்விதான். எங்கள் பக்கத்தில் சில நாள் வெயில் அடிக்கும். மற்ற நாள் கடுமையாக வெயில் அடிக்கும். கரிசல் காடும் கருவேல மரமும் போக மிச்சமுள்ள இடத்தில் தீப்பெட்டி ஆபீஸும் பட்டாசு ஆலையும் இருக்கின்றன. பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற புல்வெளியை நாங்கள் காலண்டரில்தான் பார்த்திருக்கிறோம். அந்தக் காலண்டரைச் சிவகாசியில் அச்சடித்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறவர்களும் நாங்களே என்பது வேறு விஷயம்.

ஆனாலும் சம்பந்தம் இருக்கிறது.

மலை ஊர்களில் 'இரண்டாவது சீசன்' என்று ஒன்று உண்டு. கோடைக் கூட்டம் இறங்கிப் போனபின், புரட்டாசி ஐப்பசியில், இரண்டு மழைகளுக்கு நடுவே சில நல்ல நாட்கள் வாய்க்கும். மேல்நாட்டார் இலையுதிர் காலம் என்று கொண்டாடுவதற்கு நம்மிடம் உள்ள ஈடு அதுதான். அப்படி ஒரு காலையில், ஒரு மலை ஊரில், கம்பி வேலிக்கு வெளியே நின்று கோல்ஃப் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புல்லில் பனி காயவில்லை. தொப்பி வைத்த ஒருவர் வெகுநேரம் யோசித்துவிட்டுப் பந்தை அடித்தார். அது போன திசையை நாங்கள் இருவருமே பார்க்கவில்லை.

"ஐயா, அங்கே நிற்கக்கூடாதுங்க. மெம்பருங்க மட்டுந்தான்" என்றார் காவல்காரர்.

"நான் ரோட்டில்தானே நிற்கிறேன்?"

"ரோடும் கிளப்பு ரோடுதானுங்க."

அதற்குமேல் வாதாட ஒன்றுமில்லை. திரும்பி நடந்தேன். மூட்டை சுமக்கும் கிழவர் ஒருவர் வேலியோரப் புதரில் பந்து தேடிக்கொண்டிருந்தார். இந்த வேலை செய்பவருக்கு ஆங்கிலத்தில் 'கேடி' என்று பெயர். நம் ஊர்ப் போலீஸ் ஏட்டு அதே சொல்லை வேறு ஆசாமிகளுக்கு வைத்திருக்கிறார். எந்த ஊர் என்று கேட்டார், சொன்னேன். "பட்டாசு ஊருங்களா!" என்று முகம் மலர்ந்து, தோல் பெயர்ந்த பழைய பந்து ஒன்றை வேலிக்கு மேலாக நீட்டினார். "வீட்டிலே பசங்க இருந்தா விளையாடட்டுங்க."

அந்தப் பந்தை மேஜைமேல் வைத்துக்கொண்டு ஆட்டத்தின் பூர்வீகத்தைப் படிக்கத் தொடங்கினேன். வேலிக்குப் பின்னால் பிறந்த ஆட்டம் என்று எண்ணியிருந்த எனக்கு அங்கேதான் ஆச்சரியம் காத்திருந்தது.

ஸ்காட்லாந்தின் கீழைக் கடற்கரையில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்று ஒரு சிறிய ஊர். கடலுக்கும் வயலுக்கும் இடையே உழவுக்கு உதவாத மணல்மேடு கிடந்தது. 'லிங்க்ஸ்' என்று அதற்குப் பெயர். நம் தாசில்தாரிடம் காட்டினால், 'புறம்போக்கு' என்று ஒரே சொல்லில் முடித்திருப்பார். அந்த மணல்மேட்டில் ஆடு மேய்ந்தது. முயல் வளை தோண்டியது. பெண்கள் துணி வெளுத்து உலர்த்தினார்கள். ஆண்கள் கோலால் பந்தடித்தார்கள். எல்லாம் ஒரே இடத்தில்! பந்து போய் உலரும் துணிமேல் விழுந்தால் என்ன செய்வது என்று ஆட்ட விதிகளில் ஒரு விதியே எழுதி வைத்திருந்தார்கள். எங்கள் கண்மாய்க்கரையில் சலவைக்காரர் விரித்த வேட்டிமேல் கிட்டிப்புள் விழுந்தபோது எங்களுக்குக் கிடைத்த விதி ஒன்றுதான்: ஓடு!

1457-இல் ஸ்காட்லாந்து நாட்டுப் பாராளுமன்றம் கோல்ஃபையும் கால்பந்தையும் தடைசெய்து சட்டம் போட்டது. வில்வித்தை பழகவேண்டிய இளைஞர்கள் பந்தின் பின்னால் ஓடுகிறார்கள் என்பது அரசாங்கத்தின் குறை. தடை போடுமளவுக்கு அது தெருவோடு போகிறவர்களின் ஆட்டமாக இருந்திருக்கிறது. பிறகு 1552-இல் பேராயர் ஹாமில்டன், ஊர்மக்கள் அந்த மணல்மேட்டில் ஆடும் உரிமையைச் சாசனத்தில் எழுதி ஒப்புக்கொண்டார். பதிலுக்கு அவர் கேட்டது முயல் வளர்க்கும் உரிமை.

அந்த முயல்தான் பின்னால் வினையாக வந்து முடிந்தது. கடனில் மூழ்கிய நகரசபை 1797-இல் மணல்மேட்டைக் கைமாற்றிவிட்டது. வாங்கியவர்கள் முயல் வியாபாரிகள். குழியெல்லாம் முயல் வளை ஆயிற்று. ஆட்டக்காரர்கள் முயலைக் கொல்ல, வியாபாரிகள் கோர்ட்டுக்கு ஓட, அடிதடியும் வழக்குமாக இருபது வருஷத்துக்கு மேல் சென்றது. 1821-இல் ஜேம்ஸ் சீப் என்ற நிலக்கிழார் அந்த நிலத்தை வாங்கி ஆட்டத்தைக் காப்பாற்றினார். 1894-இல் நகரசபை பாராளுமன்றச் சட்டத்தின் துணையோடு அதைத் திரும்பப் பெற்றது. இன்றும் அது பொதுச்சொத்து. உலகத்துக் கோல்ஃப் ஆட்டக்காரர்கள் க்ஷேத்திரமாகப் போற்றும் அந்த இடத்தில் ஞாயிற்றுக்கிழமை வழக்கமாக ஆட்டம் கிடையாது. ஊர்க்காரர்கள் குழந்தைகளோடும் நாயோடும் உலாவ வருகிறார்கள். மெம்பரா என்று யாரும் கேட்பதில்லை.

நிற்க. பந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆதியில் தோல் பைக்குள் ஒரு தொப்பி நிறையப் பறவை இறகைத் திணித்துப் பந்து தைத்தார்கள். நாளெல்லாம் தைத்தாலும் ஒருவரால் நாலைந்துக்கு மேல் முடியாது. விலையும் அப்படியே, மழையில் நனைந்தால் பிரிந்துபோகும். 1848-ஐ ஒட்டி, மலாய் நாட்டுக் காட்டுமரத்தின் பாலிலிருந்து கிடைக்கும் 'கட்டாபர்ச்சா'வால் பந்து வார்க்கத் தொடங்கியதும் விலை விழுந்தது. ஏழையும் ஆடலாம் என்றாயிற்று. இந்தியாவிலிருந்து செயின்ட் ஆண்ட்ரூஸுக்குப் போன ஒரு விஷ்ணு சிலையைப் பத்திரமாகச் சுற்றியிருந்த கட்டாபர்ச்சாவை உருக்கி, பாட்டர்சன் என்ற மாணவன் முதல் பந்தைச் செய்தான் என்று அங்கே ஒரு கதை வழங்குகிறது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நூற்றெட்டுத் திருப்பதிகளில் ஒன்றான எங்கள் ஊரில் நின்ற நாராயணன் குன்றின்மேல் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறான். கதையை அவனிடம் விட்டுவிட்டேன்.

இப்படி ஊர்ப் பொட்டலில் பிறந்த ஆட்டம் கப்பலேறி நம்மிடம் வந்தபோது துரைமார்களோடு வந்தது. 1829-இல் கல்கத்தாவில் கோல்ஃப் கிளப் தொடங்கினார்கள். பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே அதுவே முதல். (சுமார் நூறு வருஷம் கழித்து, 1920களில், சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்க அதே கல்கத்தாவுக்குப் போனார்கள். பந்தாட்டம் பார்க்க அவர்களுக்கு நேரமிருந்திராது.) கொடைக்கானலில் 1895-இல் கிளப் வந்தது. அங்கே மைதானத்துக்குள் இன்று காட்டெருமைகள் சர்வசாதாரணமாக வந்து மேய்கின்றன. மெம்பர் அல்லாதவர்களில் அவற்றைத் தடுக்க மட்டும் ஆள் இல்லை. உதகையில், தோடர்களின் எருமைகள் தலைமுறை தலைமுறையாக மேய்ந்த புல்மேடுகளில் ஆட்டத் திடல் அமைந்தது. மேய்ச்சல் நிலமே கோல்ஃப் மைதானமாயிற்று என்பதில் ஸ்காட்லாந்துக்கும் நீலகிரிக்கும் வித்தியாசமில்லை. அங்கே மேய்த்தவனே ஆடினான். இங்கே மேய்த்தவன் ஒதுங்கி நின்றான். அவ்வளவுதான்.

வேலிக்கு உள்ளே போக நம்மவர்களுக்குக் கிடைத்த வழி தோளில் மூட்டை. அந்த வழியாகப் போய் மூட்டையை இறக்கிவைத்துவிட்டுக் கோலைக் கையில் எடுத்தவர்கள் உண்டு. டில்லியில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991-இல் இந்தியன் ஓபன் பட்டத்தை வென்றார். ஆனால் என் மனத்தை விட்டு அகலாதவர் டர்பன் நகரத்துச் சியூசங்கர் செகோலம். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய இந்தியர் வழியில் வந்தவர். 'பாப்வா' என்பது செல்லப் பெயர். பள்ளிக்கூடம் அறியாதவர், மூட்டை சுமந்தே ஆட்டம் கற்றவர். கோலைப் பிடிக்கும்போது இரண்டு கைகளையும் மாற்றி வைத்துப் பிடிப்பார். அப்படிப் பிடித்தே ஐரோப்பாவுக்குப் போய் 1959-இல் டச்சு ஓபனை வென்றார். மறு வருஷமும் வென்றார். 1963-இல் சொந்த ஊரிலேயே நேட்டால் ஓபனில் வெள்ளைக்காரர்களையெல்லாம் தோற்கடித்தார். அன்று மழை. தோற்றவர்கள் கிளப் கட்டடத்துக்குள் இருந்தார்கள். நிறவெறிச் சட்டம் ஆண்ட நாடு; ஜயித்தவர் உள்ளே நுழையவில்லை. வெளியே மழையில் நின்று கோப்பையை வாங்கிக்கொண்டார். 1965-இல் கேரி பிளேயரையே வென்று மறுபடி அந்தப் பட்டத்தைப் பெற்றார். பிறகு அவரைப் போட்டிகளிலிருந்தே விலக்கினார்கள், பாஸ்போர்ட்டையும் பறித்தார்கள். 1978-இல் இறந்தபோது ஐம்பது வயதுகூட நிரம்பவில்லை.

அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கிளப்பு ரோட்டில் எனக்கு நேர்ந்தது ஒன்றுமேயில்லை என்று தோன்றியது.

சென்னையிலும் இந்த நிலக்கணக்கு தீர்ந்தபாடில்லை. கிண்டிக் குதிரைப் பந்தயத் திடலின் நடுவே ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானம் இருந்துவந்தது. 1945-இல் நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுத்த 160 ஏக்கரை 2024 செப்டம்பரில் அரசாங்கம் திரும்ப எடுத்துக்கொண்டு, பெரும்பகுதியில் பூங்கா வரும் என்று அறிவித்தது. கோர்ட்டுப் படியும் ஏறினார்கள். முயல் வழக்கே இருபது வருஷம் நடந்தது. குதிரை வழக்கு சீக்கிரம் முடியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

சிலப்பதிகாரத்தில் கட்டுரை காதையில் வரும் தங்கால் எங்கள் திருத்தங்கல்தான் என்று நாங்கள் பெருமை பேசுவோம். பராசரன் என்ற அந்தணன் சேரனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் வழியில் தங்காலின் அரசமரத்து மன்றத்தில் இளைப்பாறுகிறான். அங்கே பிள்ளைகள் விளையாடுகிறார்கள். மழலை மாறாத ஒரு சிறுவன் தன்னோடு பிழையின்றி வேதம் ஓதியதைக் கண்டு அவனுக்கு நகைகளைக் கொடுத்துவிட்டுப் போகிறான். அதனால் சிறுவனின் தகப்பன் சிறைப்பட்டதும் கோயில் கதவு மூடிக்கொண்டதும் பெரிய கதை. எனக்கு அந்த முதல் காட்சி போதும். ஊர் நடுவே ஒரு மன்றம். யாரையும் கேளாமல் ஆடும் பிள்ளைகள். வழிப்போக்கன் உட்கார நிழல்.

2021-இல் எங்கள் ஊரைச் சிவகாசி மாநகராட்சியோடு சேர்த்துவிட்டார்கள். நாங்கள் கிட்டிப்புள் ஆடிய பொட்டலில் மனைக்கல் நட்டாகிவிட்டது. ஒரு மூலை மட்டும் எப்படியோ தப்பிக் கிடக்கிறது. போன ஐப்பசியில் மழை வெறித்திருந்த ஒரு சாயங்காலம், மேஜைமேல் இருந்த பந்தை என் பேரன் அங்கே எடுத்துப் போனான். கருவேலங்கம்பை வெட்டிக் கோலாக்கி, மண்ணில் குழி தோண்டி, நாலைந்து பையன்கள் வரிசையில் நின்றார்கள். ஒருவன் ஓங்கி அடித்தான். பந்து கருவேல மரங்களுக்கு மேலே எழும்பி, அடுத்திருந்த பட்டாசு ஆலையின் கம்பி வேலிக்குள் போய் விழுந்தது.

"தாத்தா, நீங்க போய்க் கேளுங்க" என்றான் பேரன். ஆலை வாசலில் காவல்காரர் நின்றுகொண்டிருந்தார்.