மரபணு மீள்சேர்க்கைச் செறிவிடங்கள்: கண்டறிதலின் வரலாறும் திருகோணமலை மாவட்டமும்

ஒடுக்கற்பிரிவின்போது தாய்வழி, தந்தைவழி நிறமூர்த்தங்கள் அருகருகே நின்று துண்டுகளை மாற்றிக்கொள்வதே மீள்சேர்க்கை. இது நிறமூர்த்தத்தின் நீளமெங்கும் சீராக நிகழ்வதில்லை. ஓரிரண்டாயிரம் டி.என்.ஏ. எழுத்துகளே அகலமான சில இடங்களில் குவிகிறது; ஹாட்ஸ்பாட் எனப்படும் செறிவிடங்கள் அவையே. இவற்றைப் பெரும்பாலும் இரத்த மாதிரிகளிலிருந்து ஊகித்தே அறிகிறோம். ஆகவே ஒரு செறிவிட வரைபடம் மாதிரி தந்தவர்களின் குடிவரலாற்றையும் தன்னுள் சுமந்திருக்கிறது. இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தைக் கொண்டு பார்த்தால் இது தெளிவாகும். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எவரும் தனிப்பெரும்பான்மை பெறாத மாவட்டம் அது. மூதூர்ப் பக்கத்தில் கரையோர வேடரும் வாழ்கின்றனர்.

தொடக்ககாலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1913இல் ஸ்டர்ட்டெவண்ட் பழ ஈயின் முதல் மரபணு வரைபடத்தை வரைந்தார். 1937இல் ஜே.பி.எஸ். ஹால்டேனும் ஜூலியா பெல்லும் குருதி உறையாமைக்கும் நிறக்குருட்டுக்குமான மரபணுக்கள் மனிதரில் பிணைந்தே செல்வதைக் காட்டினர். ஹால்டேன் 1957இல் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தார்.

மனிதச் செறிவிடங்களின் வரலாறு 1984இல்தான் சூடு பிடிக்கிறது. ஹால்டேனுக்குப் பின் அந்தப் புள்ளியியல் நிறுவனத்தில் பயின்ற அரவிந்த சக்கரவர்த்தி, அமெரிக்காவில் கசாசியன் முதலியோருடன் சேர்ந்து, 11ஆம் நிறமூர்த்தத்திலுள்ள பீட்டா குளோபின் தொகுதியை ஆராய்ந்தார். தலசீமியா நோயைக் கருவிலேயே அறியும் முயற்சியில் திரண்ட தரவுகளே இதற்கு மூலம். ஹிங்க் 2, ஹிண்ட் 3, அவா 2, பாம் எச் 1 போன்ற நொதியங்களால் டி.என்.ஏ.யை வெட்டி, எங்கெங்கே வெட்டுப்படுகிறது என்று ஒவ்வொருவருக்கும் குறித்துக்கொண்டனர். தொகுதியின் முன்பகுதிக் குறிகள் ஒன்றாகவே பயணித்தன. பீட்டா மரபணுவை அடுத்த பின்பகுதிக் குறிகளும் அவ்வாறே. ஆனால் எந்த முன்பகுதியும் எந்தப் பின்பகுதியோடும் சேர்ந்து வந்தது. இரண்டுக்கும் நடுவில் இருந்தது ஏறத்தாழ 9,000 எழுத்துகள் நீளமுள்ள ஒரு துண்டு மட்டுமே. ஒரே நோய்ப்பிறழ்வு வெவ்வேறு முன்பகுதிகளோடு தென்பட்டதற்கும் இதுவே விளக்கமானது. வெட்டுக்குறிகள் சிலவற்றை வைத்துக்கொண்டு, கண்ணுக்குப் புலப்படாத ஓர் இடத்தைச் சுட்டிய இந்த வாதத்தின் எளிமை இன்றும் வியக்கத்தக்கது. புள்ளியியல் அறிஞர் சிலர் அன்றே ஐயம் எழுப்பினர்: குடித்தொகைக் கலப்பும் தற்செயலும்கூட இத்தகைய தோற்றத்தைத் தரலாம் அல்லவா? 2002இல் விந்தணுக்களில் மீள்சேர்க்கையை நேரடியாக அளந்த ஆய்வு சக்கரவர்த்தி குழுவின் முடிவுக்கு வலுச் சேர்த்தது. எனினும் அங்கே மீள்சேர்க்கையின் வேகம் சுற்றுப்பகுதியைவிட எத்தனை மடங்கு என்பதில் மதிப்பீடுகள் ஒத்துப்போவதில்லை.

2001இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் அலெக் ஜெஃப்ரீஸ் குழு, நோயெதிர்ப்பு மரபணுக்கள் அமைந்த பகுதியில் விந்தணுக்களின் மீள்சேர்க்கைகள் குறுகிய இடங்களில் குவிவதைக் காட்டியது. முறை துல்லியமானது; ஆனால் ஆண்களை மட்டுமே, அதுவும் சிறு பகுதிகளில் மட்டுமே அளக்க வல்லது. 2005இல் மையர்ஸ், மெக்வீன், டொனலி முதலியோர் மரபுத்தொகுதி முழுவதிலும் 25,000க்கு மேற்பட்ட செறிவிடங்களைக் கணித்தனர். மனித மரபணு வேறுபாடுகளைத் தொகுத்த ஹாப்மேப் திட்டத்தின், அதே ஆண்டு வெளிவந்த முதற்கட்டத் தொகுப்பில் யொரூபா மக்கள், ஐரோப்பிய வழி அமெரிக்கர், சீனர், ஜப்பானியர் இருந்தனர், தெற்காசியர் இல்லை. இச்செறிவிடங்களைத் தெரிவு செய்வதில் பி.ஆர்.டி.எம்.9 புரதத்தின் பங்கு 2010இல் தெரியவந்தது.

‘அப்படியானால் மாதிரி எங்கே எடுத்தால் என்ன? ஒரே புரதம்தானே எல்லாரிலும் இடத்தைத் தெரிவு செய்கிறது?’ என்று கேட்கலாம். ஓரளவு சரியே. ஆப்பிரிக்காவுக்கு வெளியே அப்புரதத்தின் ஒரு வகையே மிகுதி. பெரும் அளவுகோலில் வரைபடங்கள் பெரிதும் ஒத்துப்போகின்றன. சிக்கல் நுண்ணளவில்தான். ஒரே மாதிரியான இரு பிரதிகள் துண்டு மாற்றிக்கொண்டால் எதுவும் மாறியதாகத் தெரியாது. அந்த மீள்சேர்க்கை தடயமே விடாது. மாமன் மகளை, அத்தை மகனை மணக்கும் வழக்கமுள்ள சமூகங்களில் இத்தகைய ஒத்த நீள்துண்டுகள் மிகுதி. தெற்காசியக் குழுக்கள் பலவற்றில் அகமணத்தால் சிறு மூதாதையர் தொகையின் தடம் ஆழமாகப் பதிந்திருப்பதை, ஹைதராபாத் ஆய்வாளர் லால்ஜி சிங், தங்கராஜ் ஆகியோர் ஹார்வர்டின் டேவிட் ரைக்குடன் 2009இல் காட்டினர். புதிய கணிப்பு முறைகள் குடித்தொகையின் ஏற்ற இறக்கங்களைக் கணக்கில் கொள்கின்றன என்பது உண்மை. ஆனால் அந்த ஏற்ற இறக்கமும் அதே மாதிரிகளிலிருந்தே கணிக்கப்படுகிறது.

இலங்கையில் நடந்த பணிகளுள் தலசீமியா ஆய்வே நன்கு பதிவானது. டேவிட் வெதரால் குழு குருநாகலில் நோயாளிகளை நெடுங்காலம் தொடர்ந்து ஆராய்ந்தது. வறண்ட வலயத்தை ஆட்டிவைத்த மலேரியா இந்நோய்ப்பிறழ்வுகளைத் தக்கவைத்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அத்தகைய இயற்கைத் தெரிவும் துண்டுகளின் நீளத்தைக் குழப்பி, வேகக் கணிப்பைத் திரிக்கக்கூடும். வேடர், சிங்களவர், தமிழர் பற்றிய 2014ஆம் ஆண்டின் நன்கறியப்பட்ட ஆய்வு தாய்வழி இழைமணி டி.என்.ஏ.யைப் பற்றியது, அது மனிதரில் மீள்சேராதென்றே பொதுவாகக் கருதப்படுவதால் செறிவிடம் பற்றி எதுவும் சொல்லாது.

2015இல் நிறைவுற்ற ஆயிரம் மரபுத்தொகுதித் திட்டத்தின் 26 குடித்தொகைகளுள் இலங்கைத் தமிழரும் ஒன்று. அவ்விருபத்தாறுக்கும் தனித்தனி மீள்சேர்க்கை வரைபடங்களை ஸ்பென்ஸ், சாங் இருவரும் 2019இல் வெளியிட்டனர். திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியா முஸ்லிம்களுக்கோ மூதூர் வேடருக்கோ அந்த வரைபடத்தை அப்படியே பொருத்துவது தகாது. திருகோணமலைத் தமிழருக்கும் எச்சரிக்கையோடுதான் பொருத்த வேண்டும். அத்திட்டத்தின் இலங்கைத் தமிழர் 102 பேரின் மாதிரிகளும் ஐக்கிய இராச்சியத்தில் திரட்டப்பட்டவை.